ஜிசி-எம்எஸ் எடுத்தால் போதுமா? மூன்று எண்ணெய்களை வைத்து ஓர் ஒப்பீடு

போன தை மாதம் அக்கா மகள் ஒரு ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். (கலவையை வாயுவோடு ஓடவிட்டு ஒவ்வொரு பொருளாகப் பிரிப்பது ஜிசி; பிரிந்ததை உடைத்து, துண்டுகளின் நிறையை வைத்து அடையாளம் காட்டுவது எம்எஸ்.) முதுகலை வேதியியல், கடைசி வருடம். ப்ராஜெக்ட்டுக்கு மூன்று எண்ணெய் எடுத்திருக்கிறாள். கீழமாசி வீதியில் வாங்கிய மல்லி விதையை இடித்து ஹெக்சேன் என்ற கரைப்பானில் இறக்கியது ஒன்று, திருமங்கலம் பக்கம் ஒரு மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒன்று, விளக்குக்கு என்று விற்கும் இலுப்பெண்ணெய் ஒன்று. மல்லியை மட்டும் முதலில் ஒரு வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறாள். வந்த தாளில் முப்பத்துச் சொச்சம் பெயர்கள்.

“மாமா, ஒலியிக் ஆசிட் 95னு போட்டிருக்கு. மல்லியில அவ்வளவு ஒலியிக்கா இருக்கும்?”

அந்த 95 அளவு இல்லை. கருவி பார்த்த நிறமாலை (உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டும் படம்), லைப்ரரியில் சேமித்து வைத்திருக்கும் நிறமாலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குக் கம்ப்யூட்டர் போடும் மார்க். ஜாதகப் பொருத்தம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்பது பொருந்துகிறது என்பதாலேயே மாப்பிள்ளை இவன்தான் என்று ஆகிவிடாது. அதே நட்சத்திரத்தில் பக்கத்துத் தெருப் பையனும் பிறந்திருப்பான்.

இங்கே பக்கத்துத் தெருப் பையன் யார் என்றும் தெரியும். மல்லி விதைக் கொழுப்பில் பெரும்பங்கு பெட்ரோசெலினிக் அமிலம். மொத்தக் கொழுப்பு அமிலத்தில் ஏறத்தாழ 60 முதல் 75 சதவீதம் வரை அதுதான். சீரகம், சோம்பு, ஓமம் என்று அந்தக் குடும்பம் முழுக்க இதே கதை. ஒலியிக், பெட்ரோசெலினிக் இரண்டுக்கும் 18 கார்பன், ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, ஒரே நிறை. ஒலியிக்கில் அந்தப் பிணைப்பு அமில முனையிலிருந்து 9ஆவது கார்பனில் தொடங்குகிறது, பெட்ரோசெலினிக்கில் 6ஆவதில். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ரிப்போர்ட்டிலேயே ஒலியிக்குக்கு அடுத்த வரியைப் பார்த்தேன். 94 மார்க்கோடு “6-ஆக்டாடெசினாயிக் அமிலம்” இருந்தது, பெட்ரோசெலினிக்கின் வேதிப் பெயர் அது. முதல் வரியைத்தான் எல்லாரும் எடுத்து எழுதுகிறார்கள்.

சரி, இனி என்ன செய்வது? மூன்று எண்ணெய், மூன்று விதமான கேள்வி, கையில் கருவிக்குள் மாதிரியைச் செலுத்த இருபது இன்ஜெக்‌ஷனுக்குத்தான் காசு. அன்று ராத்திரி உட்கார்ந்து அவளோடு போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்ணெய் மாதிரிகளோடு பதினாறு வருடமாக மாரடிக்கிறவன் என்பதால் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அவற்றை மறைக்கப்போவதில்லை.

முதலில் தள்ள வேண்டிய வழி

எண்ணெயையோ சாற்றையோ அப்படியே ஜிசி-எம்எஸ்ஸில் செலுத்துவது. வெளியே கொடுத்தால் பெரும்பாலும் இதைத்தான் செய்து தருவார்கள். இலைச் சாறு, வேர்ச் சாறு என்று எதை அனுப்பினாலும் திரும்பி வரும் பட்டியலும் பழகிப்போன ஒன்று: ஹெக்சாடெகனாயிக் அமிலம், ஆக்டாடெகாடையீனாயிக் அமிலம், பைட்டால், ஸ்குவாலீன். எந்தச் செடியில்தான் இவை இல்லை?

எண்ணெய்க்கு இது ஏன் ஆகாது என்றால், எண்ணெயில் 95 சதவீதத்துக்கு மேல் டிரைகிளிசரைடு. மூன்று கொழுப்பு அமிலம் ஒரு கிளிசராலில் தொங்குகிற பெரிய மூலக்கூறு. மூன்றும் ஒலியிக்காக இருந்தால் நிறை 885ஐத் தொடும். சாதாரண 30 மீட்டர் காலத்தில் (column, பொருட்கள் ஊர்ந்து பிரியும் நீளமான மெல்லிய குழாய்) 300 டிகிரி வரை சூடாக்கினாலும் அது கிளம்பி வராது. ஊசிபோடும் இடத்திலும் காலத்தின் தலைப்பிலும் படிந்து, அடுத்து வருகிறவரின் மாதிரியையும் கெடுக்கும். வெளியே வருவது எண்ணெயில் மிச்சமிருக்கும் சில்லறைதான்: தனியாகக் கிடக்கும் கொழுப்பு அமிலம், ஹைட்ரோகார்பன், வாசனைப் பொருட்கள். மல்லியில் என்றால் லினலூல் முன்னால் வந்து நிற்கும், மணமே அதனால்தான். ஆக அந்த முப்பத்துச் சொச்சம் பெயரும் எண்ணெயின் ஓரத்தைத் தொட்டவை. நடுப்பகுதியைக் கருவி பார்க்கவே இல்லை.

தனி அமிலங்கள்கூட ஒழுங்காக வராது. அமில முனை காலத்தின் சுவரில் ஒட்டி ஒட்டி வருவதால் பீக் (தாளில் ஒரு பொருள் எழுப்பும் மேடு) வால் நீண்டு அகலமாகிவிடும். வாசனைப் பொருளை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் நேரடி ஊசி போதும், நல்ல வழியும்கூட. கொழுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் வேண்டாம்.

மெத்தில் எஸ்டர்: யாருக்கு எந்த முறை

அதனால் டிரைகிளிசரைடை உடைத்து, ஒவ்வொரு அமிலத்தையும் மெத்தில் எஸ்டராக (அமில முனையை மெத்தனாலால் மூடிய, எளிதில் ஆவியாகும் வடிவம்) மாற்றியே ஆக வேண்டும். இதில் மாற்றுக்கருத்து இல்லை. எப்படி மாற்றுவது என்பதில்தான் தேர்வு.

நல்லெண்ணெய் புதிதாக ஆட்டியதாக இருந்தால் மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதும். அறை வெப்பத்திலேயே சில நிமிடத்தில் வேலை முடியும், எனக்குப் பிடித்த முறை. ஆனால் இது தனியாகக் கிடக்கும் அமிலத்தை எஸ்டராக்காது, சோப்பாக்கிவிடும். இலுப்பெண்ணெய், அதுவும் விளக்குக்கு என்று தகர டின்னில் மாதக்கணக்கில் கிடந்தது, தனி அமிலம் ஏறிப்போயிருக்கும். அதைக் காரத்தில் மாற்றினால் ஒரு பங்கு சோப்பாகிக் கீழே போய், மீதியைத்தான் கருவி காட்டும். அதற்கு அமில வழிதான் சரி. மெத்தனாலில் ஒன்றிரண்டு சதவீதம் கந்தக அமிலம் கலந்து, 50 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தால் டிரைகிளிசரைடு, தனி அமிலம் இரண்டும் மாறிவிடும். போரான் டிரைஃபுளோரைடு வேகமானது, பலரும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பார்கள். திறந்து வைத்துப் பழசான பாட்டில் என்றால் இல்லாத பீக்குகளை அதுவே உண்டாக்கும். மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பழைய பாட்டில்தான்.

ஒரு சின்ன விஷயம். கரைப்பானை நைட்ரஜன் ஊதி ஆவியாக்கும்போது காயக் காய ஊதக்கூடாது. தேங்காய் எண்ணெயாக இருந்தால் 8, 10 கார்பன் எஸ்டர்கள் நைட்ரஜனோடு சேர்ந்து பறந்துவிடும். அவளுடைய மூன்று எண்ணெய்க்கும் இந்தப் பயம் இல்லை.

எஃப்ஐடியா, எம்எஸ்ஸா

இதுதான் அவளுடைய சாருக்கும் எனக்கும் வந்த வாக்குவாதம். “எம்எஸ் இருக்கும்போது எஃப்ஐடி எதுக்கு” என்பது அவர் கட்சி.

எஃப்ஐடி என்பது ஒரு சின்னச் சுடர். காலத்திலிருந்து வெளியேறுவதை ஹைட்ரஜன் சுடரில் எரித்து, எவ்வளவு கார்பன் எரிந்தது என்று பார்க்கும். என்ன எரிந்தது என்று அதற்குத் தெரியாது. எம்எஸ் அப்படியே எதிர்ப்பக்கம்: மூலக்கூறை 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அடித்து உடைத்து, துண்டுகளை நிறைவாரியாக அடுக்கிக் காட்டும். என்ன என்பதற்குத் துப்பு கொடுக்கும். எவ்வளவு என்பதில் தடுமாறும், ஏனென்றால் ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு மாதிரி உடையும். கொழுப்பு அமில மெத்தில் எஸ்டருக்கு எஃப்ஐடியில் பீக்கின் பரப்பு சதவீதமும் எடை சதவீதமும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். எம்எஸ்ஸின் மொத்த அயனிப் பரப்பை வைத்து “ஒலியிக் 43.7 சதவீதம்” என்று தசமப் புள்ளியோடு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) ஓட்டித் திருத்தம் போட்டிருந்தால் சரி, யாரும் போடுவதில்லை.

எஃப்ஐடியில் பெயர் எப்படி வரும்? வரும் நேரத்தை வைத்து. 37 எஸ்டர் கலந்த ஸ்டாண்டர்டு ஒன்று கடையில் கிடைக்கிறது. பாதி உலகம் அதைத்தான் ஓட்டுகிறது. அதன் நேரத்தோடு நம் பீக்கின் நேரம் ஒத்துப்போனால் பெயர் வைக்கலாம். இன்னும் கொஞ்சம் கறாராகச் செய்ய, 16 கார்பன் நிறைவுற்ற (இரட்டைப் பிணைப்பே இல்லாத) எஸ்டருக்கு 16.00, 18க்கு 18.00 என்று எண் கொடுத்து, நடுவே வருவது எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கலாம். வேக்ஸ் வகைப் பூச்சுள்ள காலத்தில் ஒலியேட் (ஒலியிக்கின் எஸ்டர்; மற்றவற்றுக்கும் -இக் அமிலம், -ஏட் எஸ்டர்) 18.2ஐ ஒட்டியும் லினோலியேட் 18.6ஐ ஒட்டியும் விழும். வெப்பமும் அழுத்தமும் சற்று மாறினாலும் இந்த எண் பெரிதாக அசையாது. வெறும் நிமிடக் கணக்கைவிட நம்பலாம்.

சொல்லப்போனால் ஜிசி என்ற முறை பிறந்ததே கொழுப்பு அமிலத்தில்தான். 1952இல் ஜேம்ஸும் மார்ட்டினும் திரவம் பூசிய காலத்தில் வாயுவைச் செலுத்திப் பிரித்துக் காட்டியவை ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள். அதே வருடம் மார்ட்டினுக்கு நோபல் கிடைத்தது, அதற்கு முந்தைய பங்கீட்டு நிறப்பகுப்புக்காக, சிங்குடன் சேர்த்து. எம்எஸ் வந்து ஒட்டிக்கொண்டது அப்புறம். எஃப்ஐடியை ஏழைக் கருவி என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்ப்பேன். பலன் இல்லை.

நடைமுறைச் செலவும் பார்க்க வேண்டும். எம்எஸ்ஸுக்கு வழக்கமாக ஹீலியம் வேண்டும், அது இறக்குமதிச் சரக்கு. எஃப்ஐடிக்கு நைட்ரஜனோ ஹைட்ரஜனோ வைத்துச் சமாளிக்கலாம். எம்எஸ்ஸில் வெற்றிடம் போனால் மறுபடி நிலைக்கு வர அரை நாளாவது ஆகும். சித்திரை வெயிலில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்ட ஒரு மத்தியானத்தை நான் மறக்கவில்லை. எஃப்ஐடி ஒரு மணி நேரத்தில் தயாராகிவிடும்.

எம்எஸ்ஸில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மெத்தில் எஸ்டர் நிறமாலையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் லைப்ரரியே தேவையில்லை. நிறைவுற்றதென்றால் நிறை 74 உள்ள துண்டு உச்சத்தில் நிற்கும், பக்கத்தில் 87. எஸ்டர் முனை தனக்குள் மடங்கி ஒரு ஹைட்ரஜனை இழுத்துக்கொண்டு பிய்வதால் வருவது அந்த 74, மெக்லாஃபர்ட்டி மறுசீரமைப்பு என்று பாடத்தில் படித்ததுதான். ஒரு இரட்டைப் பிணைப்பு என்றால் 55 உயரும். 18 கார்பனாக இருந்தால் 296இல் மூலக்கூறும், மெத்தனாலை உதிர்த்த 264உம் தெரியும். இரண்டு என்றால் 67, 81, 95 என்று படிக்கட்டு, மேலே 294. மூன்று என்றால் 79, மேலே 292. ஆக எத்தனை கார்பன், எத்தனை இரட்டைப் பிணைப்பு என்பதை எம்எஸ் தெளிவாகச் சொல்லிவிடும்.

எந்த இடத்தில் என்பதைச் சொல்லாது. இதுதான் மல்லி விவகாரத்தின் முடிச்சு. எலெக்ட்ரான் அடித்த மாத்திரத்தில் இரட்டைப் பிணைப்பு சங்கிலி நெடுக நகர ஆரம்பித்துவிடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று நகர்கிற மாதிரி. ராத்திரி எடுத்த ஒரு போட்டோவை வைத்து எங்கிருந்து கிளம்பினார் என்று சொல்ல முடியுமா? 6இல் தொடங்கினாலும் 9இல் தொடங்கினாலும் உடையும் துண்டுகள் ஏறக்குறைய ஒன்றே. மார்க் 95, 94 என்று வந்தது அதனால்தான். எஃப்ஐடியும் இங்கே உதவாது. இந்த இரண்டு மெத்தில் எஸ்டரும் வேக்ஸ் காலத்தில் ஒட்டிக்கொண்டேதான் வரும்.

காலம் எது என்பது கருவியைவிட முக்கியம்

எம்எஸ்ஸில் மாட்டியிருக்கும் காலம் பெரும்பாலும் 5 சதவீத ஃபீனைல் வகை. எல்லாருக்கும் பொதுவான காலம் என்பதால் யாரும் கழற்ற மாட்டார்கள். அதில் 18 கார்பன் அமிலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்: லினோலியேட், ஒலியேட், லினோலினேட் எல்லாம் ஸ்டியரேட்டுக்கு முன்னால் ஒரே கும்பலாக வரும். நல்லெண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும்தான் ஏறக்குறைய சரிபாதியாக முக்கால் பங்குக்கு மேல். அந்த இரண்டும் தோளோடு தோள் உரசினால் அளவு எப்படி நம்பகமாக வரும்? வேக்ஸ் காலத்தில் ஸ்டியரேட், ஒலியேட், லினோலியேட், லினோலினேட் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் வரும்.

வேக்ஸுக்கும் ஒரு குறை உண்டு. 250 டிகிரிக்கு மேல் தாங்காது. ஸ்டெரால் (கொலஸ்டிரால் இனத்துப் பொருட்கள்) போன்ற கனமானவற்றுக்கு 5 சதவீத ஃபீனைல் வகையைத்தான் நாட வேண்டும். ட்ரான்ஸ் கொழுப்பு பார்க்க வேண்டுமென்றால் சயனோபுரோப்பைல் பூசிய 100 மீட்டர் காலம், அதற்கென்று தனியாகச் செலவு. அவளுக்கு அது தேவையில்லை.

நல்லெண்ணெய்: எஃப்ஐடி பிடிப்பதும் நழுவவிடுவதும்

செக்குக்காரர் எண்ணெய் சுத்தம் என்கிறார், வாங்குகிறவர் பாமாயில் கலந்திருக்கிறது என்கிறார். இந்த வழக்கு எங்கள் பக்கம் புதிதில்லை. சர்வதேச கோடெக்ஸ் உணவுத் தரத்தில் நல்லெண்ணெய்க்குப் பால்மிடிக் 7.9 முதல் 12.0 சதவீதம், ஸ்டியரிக் 4.5 முதல் 6.7, ஒலியிக் 34.4 முதல் 45.5, லினோலியிக் 36.9 முதல் 47.9. பாமோலினில் (பாமாயிலின் திரவப் பகுதி) பால்மிடிக் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு பாமோலின் கலந்தால் என்ன ஆகும்? நல்லெண்ணெயின் 9இல் ஐந்தில் நாலு 7.2, பாமோலினின் 40இல் ஐந்தில் ஒன்று 8, மொத்தம் 15.2. எல்லை தாண்டியாயிற்று. எஃப்ஐடி ஒரே ஓட்டத்தில் பிடித்துவிடும். கடலை எண்ணெய் கலந்தால் 22 கார்பன் பெஹெனிக் அமிலம் ஏறும், அதுவும் தெரியும்.

ஆனால் கலப்படக்காரரும் கணக்குத் தெரிந்தவராக இருக்கலாம். பாதி நல்லெண்ணெய், பத்தில் ஒன்று பாமோலின், பத்தில் நாலு சூரியகாந்தி என்று கலந்து பாருங்கள். சூரியகாந்தியில் பால்மிடிக் 6, ஒலியிக் 28, லினோலியிக் 60 என்று தோராயமாக வைத்தால், கலவையில் பால்மிடிக் ஏறக்குறைய 11, ஒலியிக் 35, லினோலியிக் 47. ஸ்டியரிக்கும் 4.7ஐ ஒட்டி வரும். எல்லாம் எல்லைக்குள்! பாதிதான் எள், தாள் மட்டும் சுத்தம். இந்த இடத்தில் எஃப்ஐடி எத்தனை முறை ஓட்டினாலும் பயன் இல்லை, மெத்தில் எஸ்டரை எம்எஸ்ஸில் ஓட்டினாலும் இல்லை. கேள்வியே வேறு இடத்தில் இருக்கிறது.

சோப்பாகாத பகுதிக்குப் போக வேண்டும். எண்ணெயைக் காரத்தில் கொதிக்கவைத்து, சோப்பாகாமல் மிஞ்சுவதைப் பிரித்து, பிஎஸ்டிஎஃப்ஏ என்ற வினைபொருள் கொண்டு டிரைமெத்தில்சிலில் குழுவைச் சேர்த்து (ஆவியாவது எளிதாகும்), 5 சதவீத ஃபீனைல் வகைக் காலத்தில் எம்எஸ்ஸோடு ஓட்ட வேண்டும். இங்கேதான் எம்எஸ் தன் காசுக்கு உழைக்கும். சூரியகாந்தியில் டெல்டா-7-ஸ்டிக்மாஸ்டெனால் என்ற ஸ்டெரால் எள்ளைவிடக் கணிசமாக அதிகம். அது ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். விலங்குக் கொழுப்பு சந்தேகம் என்றாலும் இதே ஓட்டம்தான்: கொலஸ்டிராலுக்கு 458, 368, 329; தாவரத்தின் பீட்டா-சிட்டோஸ்டிராலுக்கு ஒவ்வொன்றிலும் 28 கூடி 486, 396, 357. இரண்டுக்கும் 129 பொது.

சமையல் எண்ணெய்களில் எள்ளுக்கே உரிய செசாமினும் இந்தப் பகுதியில் வரும். மூலக்கூறு 354, உச்சத்தில் 149. இங்கே ஒரு பொறி. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் தாலேட்டுக்கும் உச்சம் 149தான். ஹெக்சேனை பிளாஸ்டிக் குழாயில் வைத்துவிட்டு, 149 மட்டும் பார்த்து “செசாமின் இருக்கிறது” என்று எழுதிய தாளை நானே கண்டிருக்கிறேன். தாலேட்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 167, 279 நிற்கும். செசாமினுக்கு 135உம், மேலே 354உம் இருக்க வேண்டும். செசாமின் அளவு எள் ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால் அதை மட்டும் வைத்துக் கலப்படத்தை அளக்க முடியாது, ஆனால் எள் அறவே இல்லாத எண்ணெயை உடனே காட்டிக்கொடுக்கும்.

எள் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பழைய பவுடோயின் சோதனை இருக்கிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால் எள்ளெண்ணெய் சிவந்துவிடும். வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி வைத்ததே, அதை நெய்யில் கலந்தால் இந்தச் சிவப்பில் மாட்டட்டும் என்றுதான். ஒரு சோதனைக் குழாயும் கொஞ்சம் அமிலமும் போதும். கருவி வந்தபின் இதை யாரும் சீண்டுவதில்லை.

இலுப்பெண்ணெய்

இதற்கு எஃப்ஐடியும் வேக்ஸும் போதும் என்றேன். பால்மிடிக்கும் ஸ்டியரிக்கும் நிறைய, ஒலியிக் அதைவிட நிறைய, கொஞ்சம் லினோலியிக். மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். விளக்கெண்ணெய் கலந்திருக்கலாம் என்றால் ஓட்டத்தைச் சீக்கிரம் நிறுத்தக்கூடாது. ஆமணக்கில் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ரிசினோலியிக் அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சி தொங்குவதால் வேக்ஸ் காலத்தில் அது மற்ற எல்லாம் வந்து முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் தலைகாட்டும். லினோலினேட் வந்துவிட்டது, போதும் என்று நிறுத்தியவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். சந்தேகம் என்றால் அந்த ஹைட்ராக்சியிலும் டிரைமெத்தில்சிலில் போட்டு எம்எஸ்ஸில் விட்டால் 187 பளிச்சென்று நிற்கும்.

மல்லிக்கு வருவோம்

இரட்டைப் பிணைப்பை நகரவிடாமல் பூட்ட வேண்டும். வழி மூன்று உண்டு. டைமெத்தில் டைசல்ஃபைடு என்ற திரவத்தை அயோடினோடு சேர்த்து வைத்தால், இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பனிலும் ஆளுக்கொரு கந்தகக் குழு ஏறி உட்காரும். எம்எஸ்ஸில் அந்த இரண்டுக்கும் நடுவில் சங்கிலி முறியும். முறிந்த இரண்டு துண்டின் நிறையும் இடத்தைச் சொல்லிவிடும். இது முதல் வழி. மற்ற இரண்டில் பிணைப்பைத் தொடுவதில்லை, அமில முனையில் நைட்ரஜன் உள்ள வளையம் ஒன்றைக் கட்டுகிறார்கள்: பிக்கோலினைல் எஸ்டர், டைமெத்தில் ஆக்சசோலின். மின்னூட்டம் அந்த நைட்ரஜனில் தங்கிவிடுவதால் பிணைப்பு அலையாது. சங்கிலி 14, 14 என்று ஒவ்வொரு கார்பனாக உதிரும். ஆக்சசோலினில் 14க்குப் பதில் 12 இடைவெளி வந்தால் அங்கே இரட்டைப் பிணைப்பு. ஒலியிக்கில் அது 196க்கும் 208க்கும் நடுவில்.

பிணைப்பு இரண்டு, மூன்று உள்ள அமிலங்களுக்கு இந்தப் பின்னிரண்டும்தான் நல்லது, கந்தக முறை அங்கே குழம்பும். ஆனால் ஆக்சசோலின் செய்ய 180 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் சூடாக்க வேண்டும், பிக்கோலினைலுக்கு காலத்தின் வெப்பத்தை இன்னும் ஏற்ற வேண்டும். மல்லியில் நாம் தேடுவது ஒற்றை இரட்டைப் பிணைப்பு. கந்தக முறைக்கு ஒரு மூடிபோட்ட கண்ணாடிக் குப்பி, 50 டிகிரி, ஒரு ராத்திரி போதும். மறுநாள் தையோசல்ஃபேட் கரைசலில் அயோடினைக் கழுவிவிட்டு ஊசி போடலாம். தயங்காமல் இதைச் சொன்னேன்.

நாற்றத்தை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். ஃப்யூம் ஹுட்டுக்கு (நாற்றத்தையும் புகையையும் உறிஞ்சும் கூண்டு) வெளியே மூடியைத் திறந்துவிட்டாள். மாடியில் இருந்த பொருளாதாரத் துறைக்காரர்கள் கேஸ் கசிகிறது என்று இறங்கி வந்துவிட்டார்கள்.

இருபது ஊசியை எப்படிப் பிரித்தோம் என்றால்: எஃப்ஐடியில் ஸ்டாண்டர்டு கலவை இரண்டு, எதுவும் போடாத பிளாங்க் ஒன்று, மூன்று எண்ணெயும் தலா மூன்று முறை; ஆகப் பன்னிரண்டு. பிளாங்க்கை வீண் செலவு என்றாள். ஓட்டிப் பார்த்தபோது அதிலேயே பால்மிடிக்கும் ஸ்டியரிக்கும் லேசாகத் தெரிந்தன, கைச் சோப்பிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்தவை. அப்புறம் பிளாங்க் பற்றிப் பேச்சில்லை. எம்எஸ்ஸில் மூன்று எண்ணெயின் மெத்தில் எஸ்டர் தலா ஒன்று, நல்லெண்ணெயின் சோப்பாகாத பகுதி இரண்டு, மல்லியின் கந்தகக் கூட்டு ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க ஆலிவ் எண்ணெயின் கந்தகக் கூட்டு ஒன்று, ஏழு. மீதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏதாவது ஒன்று கெடாமல் இருக்காது. நல்லெண்ணெய் ஓட்டம் ஒன்று கெட்டது.

பங்குனியில் நிறமாலை வந்தது. ஆலிவ் கூட்டில் மூலக்கூறு 390, துண்டுகள் 217உம் 173உம், பாடத்தில் உள்ளபடி ஒலியிக். மல்லியிலும் 390தான். துண்டுகளைப் பார்த்ததும் போன் போட்டாள்.

“மாமா, 215, 175. ரெண்டு நம்பர்தான் தள்ளியிருக்கு. கூட்டிப் பாத்தா 390 வருது.”

“பக்கத்துல 217, 173 இருக்கா பாரு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இருக்கு, சின்னதா. கொஞ்சம் பின்னால வருது.”

அதுதான் மல்லியில் உண்மையாகவே இருக்கிற ஒலியிக்.